கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம்

மார்ச் 4

வாயாடிக்கு,

உன் கட்டுரையைப் படித்தேன். படித்தேன் என்பதைவிடப் படிக்க வைத்தார்கள் என்பதுதான் சரி. எங்கள் நூலகக் குழுத் தலைவர், அதுதான் அந்த மருந்துக்கடைக்காரர், பத்திரிகையிலிருந்து அதைக் கத்தரித்து, நாலு மூலைக்கும் நாலு குண்டூசி குத்தி அறிவிப்புப் பலகையில் மாட்டியிருக்கிறார். 'நூலகங்கள் இனி பேசட்டும்.' தலைப்பு நன்றாகத்தான் இருக்கிறது. மூன்றாவது பத்தியில் நான் வருகிறேன். "எனக்குத் தெரிந்த நூலகர் ஒருவரின் கூடத்தில் ஈகூட நுனிக்காலில்தான் நடக்கும்."

பெயர் போடவில்லை என்று தப்பிக்கப் பார்க்காதே. பலகையைப் படிக்கிறவர்கள் எல்லாரும் படித்து முடித்ததும் திரும்பி என்னைத்தான் பார்க்கிறார்கள். சொந்தத் தங்கை அக்காவைச் சந்தி சிரிக்க வைத்திருக்கிறாள். ரொம்ப சந்தோஷம்.

சிரிப்போடு போயிருந்தால் விட்டுவிடுவேன். ஏப்ரல் கடைசிச் சனிக்கிழமை குழு கூடுகிறது. வாசிப்புக் கூடத்தில் அமைதி காக்க வேண்டும் என்ற விதியை எடுத்துவிடலாமா என்று முடிவு செய்யப் போகிறார்கள். ஒரு பக்கம் பிள்ளைகளுக்கு விளையாட்டு, ஒரு பக்கம் பெரியவர்களுக்கு அரட்டை, மூலையில் தேநீர் இயந்திரம். எல்லாம் உன் கட்டுரையிலிருந்து அப்படியே எடுத்தது. விதி போனால் நானும் போவேன். இருபத்திரண்டு வருஷமாக அந்த மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறேன். வேறு எங்கேயும் உட்கார எனக்குத் தெரியாது.

நீ ஒரே ஒருநாள் பிற்பகல் மூன்று மணிக்கு இங்கே வந்து பார்த்திருந்தால் அந்த மூன்றாவது பத்தியை எழுதியிருக்க மாட்டாய். மேற்குச் சன்னல் வழியாக வெயில் வந்து நீள மேசையின்மேல் படுத்துக்கொள்ளும். அந்த நேரத்துக்கு ஒரு பேருந்து ஓட்டுநர் வருவார். நாற்பது வயதுக்கு மேல் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டவர். உதட்டை அசைத்து அசைத்துத்தான் படிப்பார், சத்தம் வராது. ஐந்து மாதமாக ஒரே நாவல். ஒரு கப்பல் கரை தெரியாமல் அலைகிற கதை. என் மேசையிலிருந்து அவர் உதட்டைப் பார்த்துக்கொண்டே நானும் கூடப் படிக்கிறேன், அது அவருக்குத் தெரியாது. அவர் பக்கம் திருப்பும்வரை நானும் கடலில் இருப்பேன்.

போன் பண்ணாதே. நான் எடுக்க மாட்டேன். கோபம் ஆறும்வரை எதுவானாலும் எழுது.

அக்கா

—

மார்ச் 10

கோபக்காரிக்கு,

நீ எடுக்க மாட்டேன் என்று எழுதிய பிறகும் பதினோரு தடவை அடித்தேன். எடுக்கவில்லை. சொன்னபடி நடக்கிறவள், சரி. நமக்குள் கடிதப் போக்குவரத்து வரும் என்று கனவிலும் நினைக்கவில்லை. உன் கையெழுத்து இன்னும் பள்ளிக்கூடக் கரும்பலகை மாதிரிதான் இருக்கிறது.

ஈ விஷயத்துக்கு மன்னிப்புக் கேட்கிறேன். காதைப் பிடித்துக்கொண்டு தோப்புக்கரணம் போட்டதாக வைத்துக்கொள். ஆனால் மற்றதை எல்லாம் வாபஸ் வாங்க மாட்டேன். என் நூலகத்துக்கு வந்து பார். தரையெல்லாம் பிள்ளைகள். அகராதி அலமாரிப் பக்கம் ஒரு தையல்காரம்மா நாலு பேருக்குப் பொத்தான் தைக்கச் சொல்லிக்கொடுக்கிறார். இரண்டு கிழவர்கள் ஒரே பத்திரிகையைப் படித்துவிட்டு இரண்டு விதமாகச் சண்டை போடுவார்கள். புத்தகம் எடுக்கிறவர்கள் எண்ணிக்கை கூடியிருக்கிறது, குறையவில்லை. வீட்டில் பேச ஆளில்லாதவர்கள் எங்கே போவார்கள் அக்கா? பொது நூலகம் என்றால் பொதுதானே?

நீ ஏன் அமைதி அமைதி என்கிறாய் என்று எனக்குத் தெரியும். நான் ஏன் சத்தம் சத்தம் என்கிறேன் என்று உனக்கும் தெரியும். இரண்டும் ஒரே வீட்டில் பிறந்தவை. அப்பா இரவெல்லாம் செய்தித்தாள் அச்சகத்தில், பகலெல்லாம் தூக்கத்தில். ஒரு தட்டு சத்தம் போடக்கூடாது. நாம் இரண்டு பேரும் அவர் கட்டிலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உட்கார்ந்து உதட்டை மட்டும் அசைத்துப் பேசுவோமே, அது உனக்கு விளையாட்டு. எனக்கு அப்படி இல்லை. எனக்கு வீடு என்று நினைத்தாலே முதலில் வருவது என் வாய்மேல் இருந்த உன் கைதான். சிரிப்பு வந்தால் பின்னால் தண்ணீர்த் தொட்டிவரை ஓடிப்போய்ச் சிரித்துவிட்டு வருவேன். பாதி வழியிலேயே சிரிப்பு தீர்ந்துவிடும்.

சரி, விடு. ஒரு வேடிக்கை சொல்கிறேன். போன மாதம் உன்னிடம் போனில் பேசினாளே என் மகள், வைத்ததும் என்னிடம் வந்து கேட்டாள்: "அம்மா, எனக்குக் காய்ச்சல்னு பெரியம்மாகிட்ட சொன்னேன். 'ரொம்ப நல்லது, சரிடா கண்ணு'ன்னு சொல்றாங்க. பெரியம்மாவுக்கு என்னைப் பிடிக்காதா?" கவனம் எங்கேடி வைத்திருந்தாய்? குழந்தை முகம் வாடிப்போய்விட்டது.

உன் வாயாடி

—

மார்ச் 19

சின்னவளே,

குழந்தைக்குக் காய்ச்சல் விட்டுவிட்டதா? பிடிக்காது என்று யார் சொன்னது அவளுக்கு? அன்றைக்கு ஏதோ வேலையாக இருந்தேன். அவளிடம் நீயே எடுத்துச் சொல்.

இரண்டு நாள் முன்னால் ஒரு கனவு வந்தது. வாசிப்புக் கூடத்தில் கணுக்கால் அளவு தண்ணீர் நிற்கிறது. எல்லாரும் தண்ணீரில் காலை வைத்துக்கொண்டு அவரவர் பாட்டுக்குப் படிக்கிறார்கள், யாருக்கும் அது ஆச்சரியமாகத் தெரியவில்லை. வெயில் தண்ணீரில் பட்டுக் கூரையில் ஆடுகிறது. யாரோ ஒரு பக்கத்தைத் திருப்பினார்கள். அந்தச் சத்தம் சரக்கென்று, அத்தனை தெளிவாகக் கேட்டது. எனக்கு வந்த சந்தோஷத்தை உன்னிடம் எப்படிச் சொல்வது? விழித்த பிறகும் அசையாமல் கிடந்தேன். அசைந்தால் போய்விடும் என்று பயமாக இருந்தது.

கனவை விடு. இங்கே ஒரு விவகாரம் நடந்துவிட்டது. நீ எப்படியும் தெரிந்துகொள்வாய், நானே சொல்லிவிடுகிறேன்.

போன வெள்ளிக்கிழமை ஓட்டுநர் வழக்கம்போல வந்தார். ஆனால் கண் புத்தகத்தில் இல்லை. சன்னலைப் பார்த்தபடி உதட்டை வேகவேகமாக அசைத்துக்கொண்டிருந்தார். கப்பல் கதை மாதிரித் தெரியவில்லை. பக்கத்தில் ஒரு கல்லூரிப் பெண் உட்கார்ந்திருந்தாள். அவளிடம் பேசுகிறார் என்று நினைத்தேன். மேசை மணியைத் தட்டி, "பேசாதீங்க" என்று மெதுவாகச் சொன்னேன். மெதுவாகத்தான் சொன்னேன். கூடமே திரும்பிப் பார்த்தது. அவர் எழுந்தார், புத்தகத்தை மூடினார், அடையாளத்துக்கு வைத்திருந்த பயணச்சீட்டை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அதற்கப்புறம் வரவில்லை.

அந்தக் கல்லூரிப் பெண் புகார் எழுதிப் பெட்டியில் போட்டிருக்கிறாள். அவர் வாயைத் திறக்கவே இல்லையாம், ஒரு பத்தியை மனப்பாடம் பண்ணிக்கொண்டிருந்தாராம். நான் கத்தினேனாம். கடைசி வரி: "இந்த வாசிப்புக் கூடத்தில் சத்தம் போடுகிற ஒரே ஆள் நூலகர்தான்." எழுதத் தெரிந்த பெண்தான், பேசாமல் உன்னைப் போலப் பத்திரிகைக்கு எழுதலாம். தலைவர் இதையும் குழுவில் வைக்கப்போகிறார்.

நாவல் அவர் வைத்த இடத்திலேயே இருக்கிறது. கப்பல் கரை சேர்ந்ததா இல்லையா என்று நான் எடுத்துப் பார்த்துக்கொள்ளலாம். கை போகவில்லை. அது அவர் சொல்லி நான் கேட்ட கதை.

அக்கா

—

மார்ச் 25

அக்கா,

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். முதல் தடவை சிரித்தேன், அந்தப் பெண்ணின் கடைசி வரிக்கு. இரண்டாவது தடவை சிரிப்பு வரவில்லை.

நீ கத்துகிறவள் இல்லை. உன்னை யாராவது மிதித்துவிட்டுப் போனாலும் 'பார்த்துப் போங்க' என்று காதோடு சொல்கிறவள். நீ மெதுவாகச் சொன்னேன் என்கிறாய், கூடம் முழுக்கத் திரும்பியிருக்கிறது. அவர் சத்தமே போடவில்லை, பேசுகிறார் என்று நீ நினைத்திருக்கிறாய். காய்ச்சல் என்றால் ரொம்ப நல்லது என்கிறாய். ஒரு பக்கம் திருப்புகிற சத்தம் கனவில் கேட்டதற்கு அழுதுவிடுவாய் போல எழுதுகிறாய். கோபம் ஆறும்வரை போன் வேண்டாம் என்றாய். யோசித்துப் பார்த்தால், இந்தக் கட்டுரைக்கு ஒரு வருஷம் முன்னாலிருந்தே நீ போனில் என்னிடம் ஒரு கேள்விக்கும் நேராகப் பதில் சொன்னதில்லை. அக்காவுக்குத் திமிர் ஏறிவிட்டது என்று என் புருஷனிடம் திட்டித் தீர்த்திருக்கிறேன்.

சுற்றி வளைக்காமல் கேட்கிறேன். உனக்குக் காது கேட்கிறதா?

நான்

—

ஏப்ரல் 5

உன் நூலகத்தில் வேலை குறைவு போலிருக்கிறது, துப்பறியக் கிளம்பிவிட்டாய். என் காது இருக்கிற இடத்தில்தான் இருக்கிறது. உன் வேலையைப் பார்.

அக்கா

—

ஏப்ரல் 7

சின்னவளே,

முந்தாநாள் போட்டதைக் கிழித்துவிடு. தபால் பெட்டிக்குள் விழுந்த கடிதத்தைத் திருப்பி எடுக்க முடியாது என்பதுதான் இதில் இருக்கிற ஒரே கஷ்டம்.

கேட்கவில்லை. மூன்று வருஷமாகிறது. முதலில் குருவிகள் போயின. பிறகு தகரத்தில் விழுகிற மழை. மழை பெய்வது கண்ணுக்குத் தெரியும், ஆனால் ஊமையாகப் பெய்யும். பிறகு போன். நீ பேசுவது தலையணைக்குள்ளிருந்து யாரோ முணுமுணுக்கிற மாதிரி வரும். மனுஷக் குரல்களில் குழந்தைகள் குரல்தான் முதலில் போனது. அதனால்தான் எல்லாவற்றுக்கும் 'சரிடா கண்ணு'. பாவி, காய்ச்சலுக்குமா சொன்னேன்!

நம் கட்டில் பக்கத்து விளையாட்டு கைகொடுத்தது. உதட்டைப் பார்த்தே எல்லாம் புரிந்துகொள்வேன். அந்தக் கூடத்தில் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. எல்லாரும் கிசுகிசுப்பார்கள், சீட்டில் எழுதிக் காட்டுவார்கள், ஒவ்வொருவராக என் முகத்துக்கு நேராக வந்து கேட்பார்கள். யாராவது நடந்து வந்தால் மேசையில் வைத்த உள்ளங்கைக்கு அதிர்வு தெரியும். அந்த அமைதியில் நானும் எல்லாரையும் போல ஒருத்தி. நீ சொல்கிற இடத்தில் பத்துப் பேர் ஒரே நேரத்தில் பேசினால் நான் எந்த உதட்டைப் பார்ப்பேன்? நான் விதிக்காகச் சண்டை போடவில்லையடி, நான் ஒளிந்துகொண்டிருந்த இடத்துக்காகச் சண்டை போடுகிறேன்.

இன்னொன்றும் இருக்கிறது. முப்பத்தேழு வருஷமாகச் சொல்லாதது.

எனக்குப் பன்னிரண்டு வயது, உனக்கு ஏழு. நீ பள்ளிக்கூடம் போயிருந்தாய். அப்பா கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். அவர் தலைமாட்டில் பித்தளை மூடியைக் கை தவறிப் போட்டுவிட்டேன். செத்தோம் என்று நின்றேன். அவர் அசையவில்லை. எட்டிப் பார்த்தால் தூங்கவில்லை, கண் திறந்திருக்கிறது. என் நிழல் பட்டதும் திரும்பினார். தரையில் இன்னும் சுற்றிக்கொண்டிருந்த மூடியையும் என் முகத்தையும் பார்த்தார். எல்லாம் புரிந்துவிட்டது அவருக்கு. "யார்கிட்டயும் சொல்லாதம்மா. வேலை போயிடும்" என்றார்.

அச்சு இயந்திரத்தின் சத்தம் மாறினால் உடனே நிறுத்த வேண்டும், அதுதான் அவர் வேலை. காது போன பிறகு உள்ளங்கையை அதன்மேல் வைத்துக்கொண்டே அந்த வேலையைப் பார்த்திருக்கிறார். மேற்பார்வையாளர் நமக்கு அடுத்த வீடு. நீ கத்தி அவர் திரும்பாமல் இருந்தால் ஏழு வயசு வாயாடி ஊருக்கே சொல்லிவிடுவாள். வீடு அமைதியாக இருந்தால் யாருக்கும் தெரியாது. அதனால்தான் உன் வாயைப் பொத்தினேன். அவர் தூக்கத்துக்காக இல்லை.

இதை உன்னிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. இப்போதும் எழுத்தில் என்பதால்தான் வந்தது.

அக்கா

—

ஏப்ரல் 14

அக்கா,

மூன்று நாள் உனக்கு எழுதக்கூடாது என்று இருந்தேன்.

கேட்காத மனுஷனுக்காகவா நான் அத்தனை வருஷம் வாயைப் பொத்திக்கொண்டிருந்தேன்? தண்ணீர்த் தொட்டிவரை ஓடினேனே, எதற்கு? அந்த வீட்டில் நான் வயிறு வலிக்கச் சிரித்திருக்கலாம், பாடியிருக்கலாம், உன்னை நடு வீட்டில் நின்று கண்டபடி திட்டியிருக்கலாம். உன் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு நூலகத்துக்குப் போனேன். பிள்ளைகள் நடுவில் நின்று தொண்டை கிழிய ஒரு கத்துக் கத்தினேன். ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை. என் நூலகத்தின் லட்சணம் அப்படி. அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அதையும் யாரும் கவனிக்கவில்லை. ஒதுங்கி உட்கார அங்கே ஓர் இடம் இல்லை என்று அன்றைக்குத்தான் எனக்குத் தோன்றியது. கட்டுரையில் இதை எழுதியிருக்கவில்லை.

உன்மேல் இருக்கிற கோபம் தீரவில்லை, தீரவும் நாளாகும். ஆனால் பன்னிரண்டு வயசுப் பெண் ஒருத்தி அதைத் தனியாகச் சுமந்தாளே என்று நினைத்தால் அந்தக் கோபத்தை எங்கே வைப்பது என்றும் தெரியவில்லை.

அப்பா ஜெயித்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய், இல்லையா? வேலை போகவில்லை, சரி. கடைசிப் பத்து வருஷம் அவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் சொன்ன எதற்கும் பதில் இல்லை. அவருக்கு என்னைப் பிடிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டுதான் நான் அவருக்குக் கொள்ளி வைக்கிற இடம்வரை போனேன். இப்போது என் மகள் உன்னைப் பற்றி அதையே நினைக்கிறாள். அந்த ஒன்றை மட்டும் நான் விடமாட்டேன்.

குழுவில் நீயே சொல்லிவிடு. நான் உன்னைப் பற்றி இனி ஒரு எழுத்து எழுத மாட்டேன், யாரிடமும் போனில் பேசவும் மாட்டேன். நீ சொன்னால்தான் உண்டு. வேலை போனால் என் வீட்டுக்கு வா, ஒரு அறை இருக்கிறது. சத்தமான அறைதான். உனக்கென்ன?

வாயாடி

—

ஏப்ரல் 30

என் வாயாடிக்கு,

சொல்லிவிட்டேன்.

ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். தலைவர் குனிந்து புகாரைப் படிக்க ஆரம்பித்தார். நான் எழுந்து, "தலையை நிமிர்த்திப் படிங்க ஐயா, உங்க உதட்டைப் பார்த்தாத்தான் எனக்குப் புரியும். எனக்குக் காது கேட்காது" என்றேன். எவ்வளவு சத்தமாகச் சொன்னேனோ தெரியாது, வாசலில் நின்ற காவலாளிகூட உள்ளே எட்டிப் பார்த்தார். அப்பா ஒருநாள்கூடச் சொல்லாததைச் சொல்லிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு உட்காராமலே நின்றேன்.

ஒருவர், "அப்போ ஓய்வு கொடுத்துடலாமே" என்றார். மெதுவாகத்தான் சொன்னார், எனக்குத் தெரியக்கூடாது என்று. மெதுவாகப் பேசினால்தான் எனக்கு இன்னும் நன்றாகத் தெரியும், பாவம்.

புகாரில் பெயர் இருந்ததால் ஓட்டுநரையும் கூப்பிட்டிருந்தார்கள். சீருடையோடு வந்தார். முதலில் நான் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் என் பக்கமாகத் திரும்பி நின்றுகொண்டு குழுவிடம் பேசினார். அந்த மரியாதையை மறக்க மாட்டேன். "இவங்க கத்துனது தப்புதான். எனக்கு அவமானமாப் போச்சு. ஆனா ஒண்ணு சொல்றேன். நான் வாயை அசைச்சுப் படிக்கிறதைப் பார்த்து எங்க டெப்போவுல சிரிக்காத ஆளில்ல. இங்க அஞ்சு மாசமா ஒருத்தர் சிரிக்கல. அந்த அமைதியில நானும் ஒரு படிப்பாளிதான். அதை எடுத்துடாதீங்க. ஆனா சத்தமாப் படிச்சுப் பார்க்கணும்னு எனக்கும் ஆசை இருக்கு, அதுக்கும் ஒரு இடம் கொடுங்க."

மூன்றுக்கு இரண்டு என்று முடிவானது. முன்னால் இருக்கிற பத்திரிகை அறை இனிப் பேசுகிறவர்களுக்கு. பிள்ளைகளும் அரட்டையும் தேநீரும் அங்கே. உள்கூடம் பழையபடி அமைதியாகவே இருக்கும், நானும் அங்கேயே இருப்பேன். நடுவில் ஒரு கண்ணாடிக் கதவு. மேசை மணியை நானே எடுத்து உள்ளே வைத்துவிட்டேன். செவி மருத்துவரிடம் அடுத்த வாரம் நேரம் வாங்கியிருக்கிறேன். நீ கேட்பாய் என்று முன்னாலேயே சொல்கிறேன்.

நேற்று முதல் நாள். மூன்று மணிக்கு வெயில் மேசைக்கு வந்தது. ஓட்டுநர் கப்பல் நாவலை எடுத்துக்கொண்டு கதவுக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தார். கூட இரண்டு ஓட்டுநர்கள், அந்தக் கல்லூரிப் பெண். மனப்பாடம் பண்ணிய அந்தப் பத்தியைப் புத்தகத்தைப் பார்க்காமலே சொன்னார். கரை கண்ணில் படுகிற இடமாம் அது. அதற்காகத்தான் அன்றைக்குச் சன்னலைப் பார்த்து உதட்டை அசைத்துக்கொண்டிருந்திருக்கிறார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. கூடம் முழுக்கத் தண்ணீர் மாதிரி வெளிச்சம். நான் இங்கிருந்தே கரையைப் பார்த்தேன்.

லீவு விட்டதும் குழந்தையைக் கூட்டிக்கொண்டு வா. அவளுக்கு முதலில் உதட்டுப் பேச்சு சொல்லிக்கொடு. விளையாட்டாகச் சொல்லிக்கொடு, கையை மட்டும் வாய்மேல் வைக்காதே. அவள் காய்ச்சலைப் பற்றி என்னிடம் மறுபடியும் முதலிலிருந்து சொல்ல வேண்டும்.

வந்ததும் நீ உள்ளே வராதே. அந்தக் கதவுக்கு அந்தப் பக்கமே நின்று, அன்றைக்கு நடு வீட்டில் நின்று திட்டாததை எல்லாம் இப்போது திட்டு. எவ்வளவு சத்தமாக வேண்டுமானாலும் திட்டு. நான் கண்ணாடிக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பேன். ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொள்கிறேன்.

உன் அக்கா